துண்டுச் சீட்டும் தோல் பந்தும்

வாங்க சாமி, வாங்க. மஞ்சச் சட்டை வந்துருச்சு. ஏ புள்ள, லைட்ட அணைச்சிரு, கரண்டாவது மிச்சமாவட்டும். டேய், காலுல அட்டை ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு உள்ள வா. நேத்து நீ கிரவுண்டுலேருந்து கொண்டாந்த அட்டை எம் பாயில ஏறி, இருந்த கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் குடிச்சிட்டுப் போச்சு.

என்னா கேட்டே? பூட்சா? எவ்வளவு? பன்னெண்டாயிரமா?

கதவுப் பக்கம் ஏன் பாக்குறே? "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல வெறுங்காலோட"ன்னு கெழவன் ஆரம்பிச்சிருவான்னு பயமா? ஆரம்பிக்க மாட்டேன். வெறுங்காலோட நடந்தது பெருமைக்கா? செருப்பு இல்ல, நடந்தோம். உட்காரு. பாட்டி பிளேன்டீ ஊத்துவா. அது ஆறி, நீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் பேசுவேன். பூட்சு கேட்ட பயலுக்கு அவ்வளவுதான் வட்டி.

மொதல்ல திரும்பு. முதுகுல என்னா பேரு எழுதியிருக்கு? ஒக்பெச்சே. மொத மொத இதக் கேட்டப்ப நம்ம பேச்சியம்மன் வழியில வந்த பயலோன்னு நெனைச்சேன். பெறகுதான் தெரிஞ்சுச்சு, அவன் முழுப்பேரு பார்த்தலோமியு ஒக்பெச்சேன்னு. நைஜீரியாவுல கிராஸ் ரிவர்னு ஒரு மாநிலம், அதுல ஓகோஜான்னு ஒரு ஊரு, 1984 அக்டோபர் 1ஆம் தேதி பொறந்தவன். நீ முழிக்கிறதப் பாத்தா, சட்டைக்குள்ள இருக்குற உன்னவிட சட்டைக்கு வெளிய இருக்குற எனக்கு அதிகம் தெரியுதோன்னு தோணுது. தெரியாமலா? ராத்திரி போன சார்ஜுல போட்டுட்டு நீ கொறட்டை விடுறப்ப, நான் என்ன தேவாரமா படிச்சுக்கிட்டு இருந்தேன்?

அந்தச் சட்டை உனக்கு வந்த கதை தெரியுமா? கூடலூருக்காரன் பாசத்துல குடுத்துவிட்டான்னு லயம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறே. பாசமாவது, பருப்பாவது. எந் தம்பி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் போகணும்னு பேரு விழுந்து, அழுகைக் கோச்சின்னு நாங்க சொல்ற ரயில்ல ஏறி, தலைமன்னார்ல கப்பல் புடிச்சுப் போனவன். இங்க தேயிலை, அங்க கூடலூர்ல டான்டீ தேயிலை. கடல் மட்டும்தான் நடுவுல, செடி அதே செடி. அவன் பேரன் கேரளா எல்லைக்குப் பக்கத்துல இருக்குறதால கேரளா பிளாஸ்டர்ஸ் டீம்னா உசுரு. 2019ல இந்த ஒக்பெச்சே பிளாஸ்டர்ஸுக்கு வந்து கேப்டன் ஆனப்ப ஆசையா வாங்குன சட்டை அது. 2022 மார்ச் 20, கோவா ஃபத்தோர்டா மைதானம், இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் பிளாஸ்டர்ஸ், எதுத்தாப்புல ஹைதராபாத். ஹைதராபாத்துல யாரு? நம்ம பேச்சி! ஒண்ணுக்கு ஒண்ணுன்னு முடிஞ்சு, பெனால்டிக்குப் போயி, ஹைதராபாத் கோல்கீப்பர் கட்டிமணி மூணு அடியத் தடுத்து, கோப்பைய ஹைதராபாத் கொண்டு போச்சு. அன்னிக்கு ராத்திரியே அந்தப் பய சட்டையக் கழட்டி எறிஞ்சிருக்கான். அதுதான் கதிர்காமம் வந்த சொந்தக்காரங்க பையில ஏறி, றக்வானை வந்து, உன் முதுகுல தொங்குது. கோவத்துல எறிஞ்சத நீ கொடியா புடிச்சுக்கிட்டுத் திரியிறே. பரவால்ல, நம்ம சனத்துக்கு இதொண்ணும் புதுசில்ல. அவங்க வேண்டாம்னா இங்க, இவங்க வேண்டாம்னா அங்க. நான் பொறந்தது 1948. அதே வருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு எங்க ஆத்தா அப்பனயெல்லாம் நாடில்லாத சனமாக்குனாங்க. எங்க ஆத்தா சொல்லும், "நீ பொறந்த ராசி, நாடே போச்சு"ன்னு.

சிரிக்காதே. தேத்தண்ணி ஆறுது.

இப்ப அந்தப் பய கதைக்கு வா. சின்ன வயசுலயே நைஜீரியாவ விட்டு பாரிஸ் போனான். பாரிஸ் செயின்ட் ஜெர்மன். இன்னிக்கு நீ போஸ்டர் ஒட்டுற அதே டீமு. அங்க அவனோட ஆடுனது யாரு? ரொனால்டினோ. அவன் ஊர்க்காரன் ஜே-ஜே ஒகோச்சாவும் அங்கதான். 2002ல, 17 வயசுல, உலகக் கோப்பையில நைஜீரியாவுக்கு எறங்கிட்டான். உன்னவிட ஒரு வயசுதான் மூப்பு. நீ போன வாரம் பரீட்சை ஹாலுக்கே எறங்கல.

உலகக் கோப்பையில என்னாச்சு? அர்ஜென்டினா கிட்டத் தோத்தாங்க, ஸ்வீடன் கிட்டத் தோத்தாங்க, இங்கிலாந்தோட கோலே இல்லாம முடிஞ்சுச்சு. மொத சுத்தோட வீடு. 17 வயசுல ரொனால்டினோவோட பந்து உதைச்சவன், உலகக் கோப்பை பாத்தவன், அடுத்த வருஷமே ராசாவாயிருக்கணுமில்ல? அதான் நீ நெனைக்கிற கணக்கு. உன் கணக்குப்படி ஒரு வீடியோ நாலு பேரு பாத்துட்டா மறுநாள் மான்செஸ்டர்லேருந்து கார் வரணும்.

அவனுக்குக் கார் வரல. பாரிஸ்காரங்க அவன பாஸ்டியாவுக்கும் மெட்ஸுக்கும் கைமாத்தா குடுத்தாங்க. பெறகு அரபு நாட்டுல அல் ஜசீரா. பெறகு ஸ்பெயின்ல அலவேஸ், வல்லடோலிட், காடிஸ். பெறகு கிரேக்கத்துல கவாலா. இங்கிலாந்துல மிடில்ஸ்பரோ. ஹாலந்துல கம்பூர், வில்லெம் டூ. மூச்சு வாங்குது எனக்கு. பஸ்ஸுல இரத்தினபுரி போயி எறங்குறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப் போவுது, அவன் பதினஞ்சு வருஷம் இப்படிச் சுத்தியிருக்கான். ஊர்ல இருக்குற பெருசுங்க சொல்லியிருப்பாங்க, "நெலையில்லாத பய, ஒரு எடத்துல நிக்கத் தெரியல"ன்னு. நானே சொல்லியிருப்பேன். அந்த வேலைக்குத்தானே கடவுள் பெருசுங்களப் படைச்சிருக்கான்.

ஆனா இந்த ஊர் மாத்துற கதைய நான் படிச்சப்ப எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. துண்டு. தோள்ல போடுற துண்டு இல்லடா, மடையா. துண்டுச் சீட்டு.

ஒங்க பாட்டனுக்குப் பாட்டன் எப்படி இந்த மலைக்கு வந்தான்? அவனே டிக்கெட் எடுத்தா வந்தான்? தொரைகிட்ட பெரிய கங்காணி முற்பணம் வாங்குவான். அந்தக் காச வச்சு ஊர்ல ஆள் கட்டுவான். வழிச்செலவு, சோத்துச் செலவு, கம்பளிக்கு இவ்வளவு, எல்லாம் ஆள் தலையில கடன். மலைக்கு வந்து சேந்தப்பவே அவன் கடங்காரன். அந்தக் கடன யாராவது கட்டுனா இந்த ஆளுங்கள விடுவிப்பேன்னு தொரை ஒரு சீட்டு எழுதிக் குடுப்பான். அதுதான் துண்டு. கங்காணி அந்தத் துண்ட எடுத்துக்கிட்டுத் தோட்டம் தோட்டமாப் போவான். எவன் அதிகம் தாரான்னு பாத்து, தன் கூட்டத்தையே அங்க மாத்திருவான். ஆளு மாறுனான், தோட்டம் மாறுச்சு, கடன் மட்டும் மாறாது. ஒவ்வொரு தடவையும் ஏறும். மாறிப் போன ஆளுகிட்ட யாரும் "போறியாப்பா?"ன்னு கேக்கல. 1921ல சட்டம் போட்டுத்தான் துண்ட ஒழிச்சாங்க.

இப்ப நீ டிரான்ஸ்பர், டிரான்ஸ்பர்னு வாயில ஈ போறது தெரியாமப் பாக்குறியே, அது என்னா? ஒரு டீமு இன்னொரு டீமுக்குக் காசு கட்டி ஆள எடுக்குது. சூட்டு கோட்டு போட்ட துண்டு! எங்காளு வெள்ளிக்காசுக்குப் போனான், இவன் கோடிக்குப் போறான். வித்தியாசம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. எங்காளுக்கு எவனும் மாலை போட்டு போட்டோ எடுக்கல.

அங்கயும் ஒரு காலத்துல கதை மோசமாத்தான் இருந்துச்சு. ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆள விடமாட்டாங்க. பெல்ஜியத்துல பொஸ்மன்னு ஒருத்தன், லியேஜ் டீமுல ஆடுனவன். 1990ல ஒப்பந்தம் முடிஞ்சு, பிரான்சுல டன்கிர்க் டீமுக்குப் போறேன்னான். அவன் பழைய டீமு என்னா சொல்லுச்சு? "காச வச்சிட்டுப் போ." காசும் வரல, ஆளையும் விடல, இருந்த சம்பளத்தையும் வெட்டிட்டாங்க. பொஸ்மன் கோர்ட்டுக்குப் போனான். 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: ஒப்பந்தம் முடிஞ்சா ஆளு அவன் ஆளு, எங்க வேணா போவலாம், எவனும் காசு கேக்கப்படாது. கணக்குப் போடு. எங்க சனத்துக்குத் துண்டு ஒழிஞ்சு 74 வருஷம் கழிச்சுத்தான் பந்துக்காரனுக்கு ஒழிஞ்சுச்சு. ஒரே ஒரு விசயத்துலயாவது றக்வானைக்காரன் வெள்ளக்காரனுக்கு முந்தியிருக்கான், காலரத் தூக்கி விட்டுக்க.

பாவம், அந்தத் தீர்ப்பு வர்றதுக்குள்ள பொஸ்மனுக்கு ஆடுற வயசே போயிருச்சு. துண்டக் கிழிச்சவன் வெறுங்கையோட நின்னான். பின்னால வந்த பயலுங்க அள்ளிக்கிட்டாங்க. ஒக்பெச்சே அந்தப் பின்னால வந்த கூட்டம். ஒப்பந்தம் முடிஞ்சா பைய தோள்ல போட்டுக்கிட்டு அடுத்த ஊரு. கால்ல இருந்த வேலைதான் அவனுக்கு எல்லா ஊருக்கும் செல்லுபடியாவுற சீட்டு.

இங்கதான் உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன், காதக் குடு. பாட்டிக்குக் கேக்கட்டும், பரவால்ல. கங்காணி சாவல. சட்டம் துண்டத்தான் ஒழிச்சுச்சு, கங்காணிய ஒழிக்கல. போன மாசம் டவுன் டீக்கடையில மோதிரம் போட்ட ஒருத்தன் உங்கிட்டப் பேசுனானே, "தம்பிக்குக் காலு நல்லாருக்கு, மாலைதீவுல டீம் இருக்கு, மொதல்ல ஒரு அம்பதாயிரம் கட்டுனா"ன்னு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. கெழவன் காது மந்தம்னு சொன்னது யாரு? உன் காசு விசயத்துல மட்டும் அது நல்லாத்தான் கேக்கும். இதே மோதிரக் கை மேற்கு ஆப்பிரிக்காவுல ஆயிரம் வீட்டுக்குள்ள நொழைஞ்சிருக்கு. "ஒங்க புள்ள அடுத்த ஒகோச்சா"ன்னு சொல்லி, ஆத்தா நகைய, அப்பன் நெலத்த விக்க வச்சு, புள்ளய ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போயி ஸ்டேசன்ல விட்டுட்டு ஓடிருவாங்க. அந்தப் பயலுங்களுக்காகவே கேமரூன்ல ஆடுன ஒரு பழைய ஆளு ஃபூட் சொலிடேர்னு ஒரு சங்கம் வச்சாரு. 18 வயசுக்குக் கீழ உள்ளவன நாடு விட்டு நாடு மாத்தப்படாதுன்னு ஃபீஃபா 2001ல விதி போட்டுச்சு. விதி இருக்குற எடத்துல எலி வளையும் இருக்கும்.

நம்ம லயத்துலேருந்து ஏஜன்சிக்காரன் பேச்சக் கேட்டு வளைகுடாவுக்குப் போன புள்ளைங்க கதைய நான் சொல்லணுமா? அந்த வீட்டுக் கதவெல்லாம் நீ தினம் தாண்டித்தானே கிரவுண்டுக்குப் போறே. காலப் பாத்து ஆள எடுக்குறவன் காசு குடுப்பான். காசு கேக்குறவன் உன் காலப் பாக்கல, எம் மடியப் பாக்குறான். இது ஒண்ண மட்டும் கேட்டுக்கிட்டு மத்ததெல்லாம் காத்துல விட்டாலும் சரி.

பாட்டி, இன்னொரு கோப்பை ஊத்து. பயலுக்கு வேர்க்குது.

சரி, இந்தியாவுக்கு வருவோம். 2018ல ஒக்பெச்சே இந்தியன் சூப்பர் லீகுக்கு வந்தான். வயசு? 34 ஆவப் போவுது. பந்துக்காரனுக்கு 34ன்னா கொழுந்துச் செடிக்குக் கவாத்து வெட்டுற பருவம். "ஐரோப்பாவுல வேகாத பருப்பு, இங்க வந்து வேவுமா"ன்னு நாலு பேரு சிரிச்சிருப்பான். அவன் வந்த சேதிய நம்ம சென்னைக்காரங்க நல்லாத் தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல சென்னையில, போன வருஷத்துச் சாம்பியன் சென்னையின் எஃப்சிய எதுத்து, அவன் சேந்த நார்த்ஈஸ்ட் யுனைட்டெட் ஆடுச்சு. ஒக்பெச்சே ஒருத்தனே மூணு கோல். 4–3ன்னு ஜெயிச்சிட்டுப் போயிட்டாங்க. சொந்த ஊர்ல வச்சு விருந்தாளி வெளுத்தா எப்படி இருக்கும்? மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து சமையக்கட்டுல பூந்த மாதிரி இருந்திருக்கும்.

இப்ப எங்கிட்ட இருக்குறது கணக்கப்பிள்ளை புத்தி. முப்பது வருஷம் தராசுப் பக்கத்துல நின்னு கொழுந்து நிறுத்த கை இது. பெயர விடுவேன், கிலோவ விடமாட்டேன். அந்தாளு செக்ரோல வாசிக்கிறேன், கேளு. நார்த்ஈஸ்ட்டுக்கு 12. பிளாஸ்டர்ஸுக்கு 15. மும்பை சிட்டிக்கு 8. ஹைதராபாத்துக்கு மொத வருஷம் 18, மறு வருஷம் 10. கூட்டு. வெரல மடக்காத, மனசுல கூட்டு. 63. தொண்ணூத்தெட்டு மேட்சுல 63 கோல். அஞ்சு சீசன், நாலு டீமு.

இதுல உனக்கு எந்த வருஷம் பிடிக்கும்? பதினஞ்சு அடிச்ச வருஷம், முதுகுல அதானே தொங்குது. அந்த வருஷம் நடந்தது என்னான்னு சொல்லட்டா? 2019 அக்டோபர்ல கொச்சியில மொத மேட்சு, கொல்கத்தா ஏடிகே டீம எதுத்து ரெண்டு கோலும் அவன் கோல்தான், 2–1. ஊரே தலையில வச்சு ஆடுச்சு. வருஷ முடிவுல? கேரளா ஏழாவது எடம். கூடை நெறைஞ்சுச்சு, மலை காலி. அதுலயும் ஒரு கூத்து. அவன் பதினஞ்சு, ஏடிகேயில ராய் கிருஷ்ணா பதினஞ்சு, சென்னையின்ல வால்ஸ்கிஸ் பதினஞ்சு. மூணு கூடையும் ஒரே நிறை. தங்கக் காலணி யாருக்கு? வால்ஸ்கிஸுக்கு. ஏன்? அடுத்தவனுக்கு எடுத்துக் குடுத்த கோலையும் கணக்குல சேத்தாங்க.

அதப் படிச்சப்ப எனக்கு ஒடம்பு சில்லுன்னுச்சு. தராசுல அடுத்தவன் கூடையில போட்ட கொழுந்தையும் சேத்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை ஒருத்தன் இந்த ஒலகத்துல இருக்கானான்னு.

அடுத்த வருஷத்தப் பாரு. மும்பைக்குப் போனான். எட்டே எட்டு கோல். பல மேட்சுல மொதல்ல பெஞ்சுல ஒக்காந்து, பெறகுதான் எறங்குவான். கேப்டன் பட்டம் போச்சு, மொத எடம் போச்சு. நீயா இருந்தா? "என்னய வெளிய ஒக்கார வச்சிட்டாங்க"ன்னு மூணு நாள் சாப்பிடாம, நாலாவது நாள் ஸ்டேட்டஸ் போட்டிருப்பே. 2021 மார்ச் 13, இறுதிப் போட்டி, ஏடிகே மோகன் பகானோட 1–1. நேரம் முடியப் போவுது. பந்து ஒக்பெச்சே கால்ல. கோல்கீப்பரும் வெளிய வந்துட்டான். அந்தத் தள்ளுமுள்ளுல தானே அடிக்கிறேன்னு கண்ண மூடிட்டு உதைக்கல. பிபின் சிங்குன்னு ஒரு மணிப்பூர்ப் பயலுக்குத் தட்டி விட்டான். பிபின் அடிச்சான். 2–1. மும்பைக்கு மொத கோப்பை.

பதினஞ்சு அடிச்ச வருஷம் ஏழாவது எடம், எட்டு அடிச்ச வருஷம் சாம்பியன். இந்தக் கணக்கு நான் முப்பது வருஷம் நிறுத்த தராசுல விழாத கணக்கு. கிலோவப் பாத்துப் பேரு போட்ட தராசு அது. கிலோ கொறைஞ்சா அரைப்பேரு, பாதிச் சம்பளம். 2021லதான் ஆயிரம் ரூவா நாட்சம்பளம்னு கெசட்டுல வந்துச்சு, எத்தன வருஷம் கத்துன கத்தலுக்கு! சந்தோசப்பட்டு முடிக்கலை, பல தோட்டத்துல கிலோவ ஏத்திட்டாங்க. உங்க ஆத்தா பதினெட்டு கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு. பதினேழரை எடுத்தா, அந்த அரைக்கிலோ வெயில்ல நின்னது யாரு கணக்கு?

பதினெட்டுன்னதும்தான் ஞாபகம் வருது. அடுத்த வருஷம் ஹைதராபாத்துல அந்த மனுசன் அடிச்சதும் பதினெட்டு. முழுப்பேரு! தங்கக் காலணி அவருக்குத்தான். அந்த சீசன்லதான் லீகுலயே அதிக கோல் அடிச்ச ஆளுன்னு எல்லாத்தையும் தாண்டினாரு. கோப்பையும் கெடைச்சுது, உங் கூடலூரு அண்ணன் சட்டையக் கழட்டி எறிஞ்ச அதே கோப்பை. வயசு என்னா? 37. பதினேழு வயசுல உலகக் கோப்பையில நின்னவருக்கு, கூடை நெறைய இன்னும் இருபது வருஷம் ஆயிருக்கு. நடுவுல அந்த இருபது வருஷத்துல அவரப் பத்தி உனக்கு ஒரு போஸ்டர் கெடைக்குமா? கெடைக்காது. கவாலாவுல மழை பேஞ்ச ஒரு நாள் பயிற்சிக்குப் போனத எவன் போட்டோ எடுப்பான்?

என்னாது, "அவரு"ன்னு சொல்றேனா? ஆமா, சொல்றேன். ஆரம்பத்துல "பய"ன்னு சொன்னேன், இப்ப வாய் வரமாட்டேங்குது. இதயெல்லாம் கவனிக்கிற காது பரீட்சையில எங்க போச்சு?

ஒண்ணு சொல்லிடுறேன், இல்லாட்டி கெழவன் அளந்து விடுறான்னு நெனைப்பே. அந்த 63ம் இப்ப முதல் எடத்துல இல்ல. 2024ல சுனில் சேத்ரி தாண்டிட்டாரு. அவருக்கு அப்ப வயசு 40. பாத்தியா, பெருசுங்கள பெருசுங்கதான் தாண்டுறாங்க. உன் வயசுப் பயலுங்க எல்லாம் முடி வெட்டிக்கப் போயிட்டாங்க போல. அந்த முடிய நானும் கேக்கணும்னு இருந்தேன். ரெண்டு பக்கமும் செரைச்சு, நடுவுல கவாத்து வெட்டாத செடி மாதிரி விட்டிருக்கியே, அது யாரு ஸ்டைலு? ஒக்பெச்சே அப்படி வச்சு நான் எங்கயும் பாக்கல.

இப்ப புத்தி சொல்ற நேரம். முகத்த அப்படி வைக்காத, சுருக்கமாச் சொல்றேன்.

பந்து ஆடாதேன்னு சொல்லமாட்டேன். சொன்னா கேப்பியா? உங்கப்பன மாணிக்கக் குழிக்குப் போகாதேன்னேன், போனான். குழியில கெடைச்சது இடுப்பு வலி, அது மட்டும் இன்னும் பட்டை தீட்டாமலே பளபளன்னு இருக்கு. கொழும்புக் கடைக்குப் போகாதேன்னு உன் அண்ணன்கிட்டச் சொன்னேன், போனான். இப்ப புறக்கோட்டையில மூட்டை தூக்குறான், தீபாவளிக்கு மூணு நாள் வர்றான். நம்ம வீட்டுல எம் புத்திக்கு மரியாதை இல்ல, அது எனக்குப் பழகிப் போச்சு. அதனால நான் தடுக்கல. சீட்டு மட்டும் உங்கிட்ட இருக்கட்டும்ங்கிறேன். வலது கால்ல மட்டும் அடிக்கிறே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், சரிவுல நின்னு. இடது கால் என்னா, விசேசத்துக்கு மட்டும் எடுக்குறதா? பந்து கானுக்குள்ள விழுந்தா கடைசி லயத்துச் சின்னப் பயல எறங்கச் சொல்றே. நேத்து நீ நாலு பேரத் தாண்டி அடிச்ச கோலுக்கு லயமே கைதட்டுச்சு, சரி. அதே நேரம் பக்கத்துல அந்தச் சின்னப் பய தனியா நின்னு கையக் கையக் காட்டுனத நீ பாத்தியா? நான் பாத்தேன். அந்தப் பய மூஞ்சியில அரைப்பேரு விழுந்த மூஞ்சி தெரிஞ்சுச்சு. அந்த மூஞ்சிய நான் முப்பது வருஷம் தராசுக்கு எதுத்தாப்புல பாத்தவன்.

பாட்டி ஏன் குசினியில சிரிக்கிறான்னு பாக்குறியா? சொல்லிட வேண்டியதுதான், இன்னிக்கு இல்லாட்டி அவளே சொல்லிருவா. தராசுல தண்ணிக் கழிவு, கூடைக் கழிவுன்னு ஒண்ணு உண்டு. மழையே பேயாத நாள்லயும் தண்ணிக் கழிவு கழிக்கிற கெட்டிக்காரன் உங்க தாத்தன். மேல உள்ளவன் கழிக்கச் சொன்னான், கழிச்சேன்; சொல்லாத நாள்லயும் பழக்கத்துல கழிச்சேன். ஒரு நாள் ஒரு பொண்ணு கூடையில ரெண்டு கிலோ கழிச்சேன். அவ தலையத் தூக்கி என்னய ஒரு பார்வை பாத்தா. வாயத் தொறக்கல. கூடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அந்தப் பார்வைய மறக்க முடியாமத்தான் பொண்ணு கேட்டுப் போனேன். கட்டிக்கிட்டு அம்பது வருஷம் ஆவுது. சோத்துல உப்பு கொறைஞ்சு நான் ஏதாவது சொன்னா, "ரெண்டு கிலோ கழிச்சிக்க"ங்குறா.

தேத்தண்ணி முடிஞ்சுதா? கோப்பையக் கழுவி வையி.

இந்தா. எண்ணிப் பாத்துக்க. ஆறாயிரம் இருக்கு. என்னா முழிக்கிறே? அரைப்பேருதான். மீதி ஆறாயிரத்துக்கு ஞாயித்துக்கெழமை கைகாசுக்கு ஆள் கூப்பிடுறாங்க, உங்க ஆத்தாளோட மலைக்குப் போ. கொழுந்து எடுக்கத் தெரியாதா? கத்துக்க, அப்பத்தான் பதினெட்டு கிலோன்னா என்னா கனம்னு முதுகுக்குத் தெரியும். அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டே போ, பேரு எழுதுன முதுகுல கூடை ஏறட்டும்.

திருப்பித் தரவாம்? யாரு கேட்டா? இது முற்பணம் இல்லடா. எழுதியும் வைக்கமாட்டேன், பத்தும் போடமாட்டேன், நீ எந்த ஊருக்கு மாறுனாலும் பின்னாலயே கடன் வந்து நிக்காது. கங்காணி வேலை பாக்கணும்னா நான் எப்பவோ பாத்திருப்பேன்.

அந்த ஆறாயிரம் எங் காசும் இல்ல. அது உங்க பாட்டி காசு. அவகிட்டக் கழிச்ச ரெண்டு கிலோவுக்கு வட்டி. அவகிட்ட சொல்லிட்டுப் போ, கணக்கு தீந்துருச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு.

என்னா சொல்றா?

...அரைப்பேருதானாமா?